ஒரு வருஷத்துப் படிப்பு

சென்ற வருஷம் ஜனவரி முதல் தேதி காலையில் டயரியின் முதல் பக்கத்தில் நான்கு சங்கற்பங்களை எழுதி வைத்தேன். வருஷத்துக்குள் 50 புஸ்தகங்கள் படித்து முடிப்பது. அவற்றில் ஒன்றாவது ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டதாக இருப்பது. வீட்டில் இருப்பதைப் படித்து முடிக்கும்வரை புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பது. நான் எழுதியோ பேசியோ அபிப்பிராயம் சொல்லியிருந்தும் முழுவதும் படித்திராத புஸ்தகங்களைப் படித்துவிடுவது. கடைசிச் சங்கற்பத்தை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. என் டயரியை வீட்டில் வேறு யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதினேன்.

வாங்குவதில்லை என்கிற விரதம் பொங்கல் தாண்டவில்லை. சென்னையில் புத்தகக் கண்காட்சியை ஜனவரி மாதத்தில் வைக்கிறவர்கள், என்னைப் போன்றவர்களின் புது வருஷ வைராக்கியம் எத்தனை நாள் தாங்கும் என்று அறிந்தவர்கள். இரண்டு பை நிறைய வாங்கி வந்தேன். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

ஐம்பது என்ற கணக்கும் 31-இல் நின்றுவிட்டது. அதற்காக எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கணக்கு என்னை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். பிப்ரவரி மாதத்தில் நான் பதினொரு புஸ்தகங்கள் படித்ததாக டயரி சொல்கிறது. எல்லாம் நூறு, நூற்றிருபது பக்கங்கள். அலமாரியின் முன்னால் நின்றுகொண்டு, எது நல்லது என்று பார்க்காமல், எது மெல்லியது என்று பார்த்து எடுத்திருக்கிறேன். அந்தப் பதினொன்றில் மூன்றின் பெயரைப் பார்த்தால் அவற்றில் என்ன இருந்தது என்று இன்று எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆசிரியர்கள் மேல் குற்றம் இருக்கலாம். என் மேல்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் டால்ஸ்டாயை எடுத்தேன். டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்த 'போரும் வாழ்வும்'. ஜூலை வரை அதிலேயே இருந்தேன். இத்தனை மாதமும் கணக்கில் ஒன்று! இருபது வயதில் இதை நான் படித்த விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடாஷா வரும் பக்கங்களைப் படித்தேன். பீரங்கி வெடிக்கும் பக்கங்களைத் தள்ளினேன். இந்தத் தடவை மனசில் நின்றது துஷின் என்கிற சின்னப் பீரங்கிப்படை அதிகாரி. முதலில் பார்க்கும்போது பூட்ஸ் இல்லாமல் காலுறையோடு நின்று அசடு வழிகிறவன். யுத்தத்தில் அவன் ஒருவனுடைய பீரங்கிகள்தான் படையைக் காப்பாற்றுகின்றன. அன்று இரவு மேலதிகாரிகள் முன்னால் அவனை நிறுத்தி, இரண்டு பீரங்கிகளை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கிறார்கள். உதவிக்கு யாரும் இல்லை என்கிற உண்மையைச் சொன்னால் வேறு ஒரு அதிகாரி மாட்டிக்கொள்வானே என்று அவன் பேசாமல் நிற்கிறான். ஆண்ட்ரே குறுக்கிட்டு உண்மையைச் சொல்கிறான். யுத்தத்தைப் பற்றி இவ்வளவையும் சொல்ல டால்ஸ்டாய்க்குச் சில பக்கங்கள் போதும். இருபது வயதில் நான் தள்ளிய பக்கங்களில் இது இருந்திருக்கிறது.

நான்காவது சங்கற்பத்துக்கு வருகிறேன். அதை எழுதக் காரணமானவள் ஒரு பெண். முந்திய டிசம்பரில் ஒரு கல்லூரியில் தமிழ் நாவலின் தோற்றம் பற்றிப் பேசினேன். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை, முதல் நாவல் என்று சம்பிரதாயமாகச் சொல்லலாமே ஒழிய, உண்மையில் அது நாவல் அல்ல, கதைகளைக் கட்டிய கதம்பம் என்று வழக்கம்போல் சொன்னேன். முப்பது வருஷங்களுக்கு முன் இதையே ஒரு கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன். பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "ஸார், பிரதாப முதலியாரை நீங்கள் எந்த வயதில் படித்தீர்கள்?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, அம்மா" என்றேன்.

அது பொய் அல்ல. பாடப் புஸ்தகத்தில் ஒரு பகுதி இருந்தது. அதற்கு மேல் நான் படித்ததில்லை. கதம்பம் என்கிற வார்த்தை என்னைவிட மூத்த ஒரு விமரிசகர் சொல்லக் கேட்டது. அவர் படித்திருந்தார் என்றே நம்புகிறேன். ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த மரியாதைதான் குத்திற்று.

ஆகஸ்டில் படித்தேன். கதம்பம் என்பது தப்பு என்று சொல்லமாட்டேன். கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை. ஆனால் ஏன் அப்படி என்று நான் கேட்டதே இல்லை. வேதநாயகம் பிள்ளை கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறகு தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று முனிசீபாக இருந்தவர். நாள் முழுவதும் மேஜைக்கு முன்னால் ஆள் மாற்றி ஆள் வந்து கதை சொல்ல, உட்கார்ந்து கேட்டவர். அவருடைய நாவலில் ஒவ்வொரு கதையும் ஒரு சாட்சி போல வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறது. பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் நிச்சயமான கல்யாணம், தம்பதிகள் எந்த வீட்டில் இருப்பது என்று இரண்டு தகப்பன்மாரும் பிடிவாதம் பிடித்ததில் நின்றுபோகிறதே, அதுவும் ஒரு வழக்குதான். இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறது; இரண்டு பக்கமும் அசட்டுத்தனம்.

செருப்புத் தைக்கிறவனிடம் பிரதாபன், பழுதைச் சரிசெய்து கொடுத்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எவ்வளவு கொடுத்தாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறான் அவன். பிரதாபன் சிறைக்குப் போகிறான். ஆண் வேஷத்தில் விக்கிரமபுரிக்கு ராஜாவாகிவிட்ட ஞானாம்பாள், அவன் வாயாலேயே சந்தோஷம் என்று சொல்ல வைத்து வழக்கைத் தீர்க்கிறாள். பாட்டிக் கதை என்று இதைத் தள்ளிவிடலாம். ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை தளர்ந்து கிடந்தால் மனுஷன் என்ன கதிக்கு ஆளாவான் என்பதைத் தினமும் பார்த்த ஒருவர் எழுதிய பாட்டிக் கதை இது. தமிழ் ஜில்லாக் கோர்ட்டுகளில் தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதிப்பதைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதியில் கேலி ஏராளம். கேலிக்கு அடியில் கோபம். தன் நிலத்தைப் பற்றி, தன் மானத்தைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்ற கட்சிக்காரனைக் கண்ணெதிரே கண்டவருடைய கோபம் அது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஞானாம்பாள் ராஜாவான பிறகு உபதேசம் அளவுக்கு மிஞ்சிப்போகிறது. நானே இரண்டு நாள் மூடி வைத்துவிட்டேன். பாத்திரங்கள் முதலில் இருந்தபடியேதான் முடிவிலும் இருக்கிறார்கள். டால்ஸ்டாய்க்கு அடுத்தபடியாக இதைப் படித்தது இதற்கு நான் செய்த அநியாயம் என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும், நாவல் அல்ல என்று நான் முப்பது வருஷம் சொல்லிவந்தது, வேறு ஊர்த் தராசில் நிறுத்துப் பார்த்தவர்கள் சொன்ன எடை. அந்தத் தராசை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இந்தச் சூட்டோடு 'கமலாம்பாள் சரித்திர'த்தையும் எடுத்தேன். இதை முன்பே முழுவதும் படித்திருக்கிறேன். முன்பாதி நாவல், பின்பாதி வேதாந்தம் என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லி வந்தேன். திரும்பவும் படித்ததில் அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் நின்றுவிட்டது. ராஜமய்யர் இதை 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் 1895 வரை எழுதியபோது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது, இருபத்தாறில் இறந்துபோனார். பத்திரிகையில் வந்தபோது 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்றுதான் தலைப்பு தொடங்கிற்று. அந்தத் தலைப்பை மனசில் வைத்துக்கொண்டு படித்தால், வம்பர் மகாசபை வெறும் தமாஷ் அல்ல, கதைக்கே அதுதான் விதை என்று தெரிகிறது. முத்துஸ்வாமி அய்யர் காதில் விழுந்ததை நம்புகிறவர். வீட்டை விட்டு அவர் ஓடுவதும் அதனால்தான். வேதாந்தம் வந்தது குற்றம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அது வந்த சமயத்தில் கிணற்றடியும் திண்ணையும் அடுக்களைப் பேச்சும் போய்விட்டதுதான் குற்றம். ஊர் பேசுவதை அவ்வளவு நன்றாகக் காது கொடுத்துக் கேட்ட ஒரு பையன், ஏன் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டான் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பழைய கட்டுரை அச்சில் இருக்கிறது. அதைத் திருத்தப்போவதில்லை, அந்த வயதில் நான் படிக்காமல் எழுதினேன் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும். அதை எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. வேதநாயகம் பிள்ளையின் இரண்டாவது நாவலான 'சுகுண சுந்தரி' முதல் நாவலைவிட மட்டமானது என்று எழுதியிருக்கிறேன். 1887-இல் வந்த நாவல். இந்த வருஷத்து டயரியின் முதல் பக்கத்தில் அந்த ஒரு பெயர் மட்டும்தான் இருக்கிறது.