துணைக் காரணங்களின் அரசியல்

விபத்து அறிக்கையை ஒரு பிரதியாக வாசிக்க நாம் இன்னும் பழகவில்லை. அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, முடிவில் ஒரு தீர்ப்பு உண்டு. ‘செயலிழந்தது’, ‘கவனிக்கப்படவில்லை’, ‘தவறுதலாகக் குறைந்தது’ என்றே அது பேசும். யார் செய்தது, யார் செய்யாமல் விட்டது என்பதை அந்த வினைச்சொற்களே விழுங்கிவிடும். வெள்ளாற்றங்கரையில் லப்பைக்குடிக்காட்டில் உட்கார்ந்துகொண்டு ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். அரபுநாட்டுக்கு ஆள் போகாத தெரு எங்கள் ஊரில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தொழுதூர் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் திருச்சி விமான நிலையம். விமானப் பராமரிப்பு எங்களுக்கு பஸ்ஸின் பிரேக் மாதிரி, அன்றாட விஷயம்.

2018 அக்டோபர் 12 அதிகாலை. திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை முடிந்தும் போதிய உயரம் ஏறாமல், அங்கிருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலெழுந்தது. உள்ளே 130 பயணிகள், 6 ஊழியர்கள். அடிவயிறு கிழிந்த நிலையில் ஏறக்குறைய நான்கு மணிநேரம் பறந்து, கடைசியில் மும்பையில் இறக்கப்பட்டது. மறுநாள் நம்மவர்கள் பேசியதெல்லாம் இரண்டே வாக்கியம்: “அல்லாஹ் காப்பாத்தினான்.” “பைலட் தூங்கிட்டானா?”

புலனாய்வு அறிக்கையின் வரிசையமைப்பு கவனிக்கத்தக்கது. ஓட்டத்தின்போது உந்துவிசை தவறுதலாகக் குறைந்தது முதன்மைக் காரணம். தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் செயலிழந்தது, விசை குறைந்ததை விமானிகள் இருவருமே கண்டுகொள்ளாதது ஆகியவை துணைக் காரணங்கள். அதாவது முதுகு சாய்க்கும் ஒரு பொறி விட்டுக்கொடுத்திருக்கிறது, கை விசைக்கோலோடு பின்னால் போயிருக்கிறது. விமானிகள் மீது தவறில்லை என்று நான் வாதாட வரவில்லை. எது ‘முதன்மை’, எது ‘துணை’ என்று பிரிக்கும் அந்தக் கோடு எங்கே போடப்படுகிறது என்பதே என் கேள்வி. முதன்மைக்கு முகம் உண்டு, தண்டிக்க ஆள் உண்டு. துணைக் காரணத்தின் பின்னாலும் அந்த இருக்கையைக் கடைசியாகச் சோதித்தவர், அவருக்குக் கொடுக்கப்பட்ட நேரம், உதிரிபாகம் இருந்ததா இல்லையா என்றெல்லாம் உண்டு. ஆனால் அவை செய்தித்தாளுக்கு வந்து சேருவதில்லை.

2020 ஆகஸ்ட் 7. துபாயிலிருந்து வந்த அதே நிறுவனத்தின் விமானம் மழையில் கோழிக்கோட்டு ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். விதிமுறையை மீறி இறக்கியதே அறிக்கை சொன்ன காரணம். அதே அறிக்கைக்குள் இன்னொரு தகவலும் இருக்கிறது: இறங்குவதற்கான முதல் முயற்சியின்போது தலைமை விமானியின் பக்கத்து வைப்பர் சில விநாடிகள் ஓடிவிட்டு நின்றுபோயிருக்கிறது. கொட்டும் மழை, ராத்திரி, வைப்பர் இல்லாத கண்ணாடி. லாரி ஓட்டுகிற எவரிடமும் கேளுங்கள், இது எவ்வளவு ‘துணை’யானது என்று.

பராமரிப்புக் குறை உடனே பழிவாங்குவதில்லை என்பதே இதிலுள்ள சிக்கல். 1978இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஜம்போ விமானம் ஒன்று இறங்கும்போது வால் தரையில் இடித்தது. பின்சுவரை ஒட்டுப்போட்டபோது இரண்டு வரிசை ஆணி தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசைதான் தாங்கியது. ஏழு வருஷம் அந்த விமானம் சும்மா பறந்தது. 1985 ஆகஸ்ட் 12இல் சுவர் பிய்த்துக்கொண்டது. 520 பேர் செத்தார்கள். அந்த ஏழு வருஷமும் ‘ஒன்றும் ஆகலையே’ என்பது உண்மையாகத்தான் இருந்தது.

2024 அக்டோபர் 11இல் திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் 140க்கும் மேற்பட்ட பயணிகளோடு இரண்டு மணிநேரத்துக்கும் மேலாக வட்டமிட்டு, எரிபொருளைத் தீர்த்துவிட்டு பத்திரமாக இறங்கியது. டி.வி. நேரலையில் அதைக் காட்டியது. முதலமைச்சர் முதல் எல்லோரும் விமானியைப் பாராட்டினார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வீரக்கதை ஒன்று கிடைத்துவிட்டால், கோளாறு ஏன் வந்தது என்ற கேள்வி கைதட்டலில் அமுங்கிவிடுகிறது.

இந்தப் பிரச்சினையைத் தனியார்மயம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட நம் தோழர்கள் விரும்பக்கூடும். 2018இலும் 2020இலும் இந்த நிறுவனம் அரசுடையது. 2022 ஜனவரியில்தான் டாடா கைக்குப் போனது. 2025 மார்ச்சில், ஏர்பஸ் ஏ320 ஒன்றின் என்ஜின் பாகங்களை உரிய காலத்தில் மாற்றாமல், மாற்றியதுபோலப் பதிவேட்டில் காட்டியதற்காக இதே நிறுவனத்தைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கண்டித்தது. அது ஜூலையில் செய்தியானபோது, தவறை ஏற்றுத் திருத்த நடவடிக்கை எடுத்ததாக நிறுவனம் சொன்னது. உடைமை கைமாறியும் பயணி இருக்குமிடம் மாறவில்லை. அவன் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறான். கண்காணிக்க வேண்டிய இயக்குநரகத்திலோ அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய பாதி காலி என்று நாடாளுமன்றக் குழு 2025இல் சொல்லியிருக்கிறது.

சில குறைகளோடு விமானம் பறக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. குறையின் தன்மையைப் பொறுத்து 3 நாள், 10 நாள், 120 நாள் என்று தவணை உண்டு. முறையாகக் கையாண்டால் அது ஆபத்தில்லை என்பதே தொழில்நுட்ப வாதம், நியாயமானதுதான். ஆனால் நம் பையன் ஏறுகிற விமானத்தில் எத்தனை தவணைக் குறைகள் பாக்கி என்பதை விமானியும் பொறியாளரும் அறிவார்கள், அவன் அறியமாட்டான். டிக்கெட் மலிவு என்பதற்காக அறியும் உரிமையையும் சேர்த்து விற்றுவிட்டானா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி எங்கள் பள்ளிவாசல் பயான்களில் கேட்டு வளர்ந்ததுதான். கயிறு நம் கையில் இல்லாதபோது, அது யார் கையில் என்று கேட்பதும் அதில் அடக்கம். வளைகுடாவை எழுதும் நம் கதைகளில், நான் படித்தவரை, ஏஜெண்ட் இருக்கிறான், பாலை இருக்கிறது, பிரிவு இருக்கிறது. விமானம் மட்டும் கண்ணீர் விடும் இடமாகவே வந்துபோகிறது. அது ஒரு இயந்திரம், அதைக் கழுவி, திருகி, கையெழுத்துப் போட்டு அனுப்பும் தொழிலாளிகள் இருக்கிறார்கள் என்பது எழுதப்படவில்லை.

பெரம்பலூர் போகும் எந்த பஸ்ஸிலும் எஃப்.சி. எந்தத் தேதிவரை என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. ஏறுகிறவன் படித்துக்கொள்ளலாம். விமானத்துக்கும் அதுபோல, தள்ளிப்போட்ட குறைகளின் பட்டியலைப் புறப்பாட்டு வாசலில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். நிறுவனம் தனியாரிடம் போனபின் அதை நேரடியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும் வழி அடைபட்டது. இயக்குநரகத்தைக் கேட்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது. திருச்சியிலிருந்து பறக்கும் விமானங்களின் குறைப்பதிவுகளைக் கேட்டு மனுப்போட பத்து ரூபாய்தான் கட்டணம். மறுத்தாலும் மறுப்பு எழுத்தில் வரும். அங்கிருந்து தொடங்கலாம்.