கை தட்டியது யார்?

போன மாதம் ஒரு சாயங்காலம் பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருந்தபோது கீழே சண்டைச் சத்தம். இரண்டு பையன்கள். பத்து, பதினோரு வயது இருக்கும். ஒருத்தன் அவுட் என்கிறான், இன்னொருத்தன் இல்லை என்கிறான். பேட்டைப் போட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். சுற்றி எட்டுப் பேர் வட்டம் கட்டி 'விடாதடா', 'குத்துடா' என்று நேரடி வர்ணனை. விசிலை ஊதிக்கொண்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். எட்டுப் பேரும் மாயம்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். வாட்ச்மேன் இருபதடி தூரத்தில் இருக்கும்போதே சண்டை நின்றுவிட்டது. இரண்டு பையன்களும் இனிமேல் என்ன செய்வது என்று தெரியாதவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ஒருத்தன் குனிந்து மற்றவனின் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

அன்றைக்கு ராத்திரி 'பசங்க' படத்தை மறுபடி பார்த்தேன்.

2009-ல் வந்த படம். பாண்டிராஜின் முதல் படம், சசிகுமார் தயாரிப்பு. தமிழில் சிறந்த படம், சிறந்த வசனம், சிறந்த குழந்தை நட்சத்திரங்கள் என்று மூன்று தேசிய விருதுகள் வாங்கியது. முதல் தடவை தியேட்டரில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீர்கள். இந்த முறை சிரிப்பு கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் வந்தது.

கதை தெரிந்ததுதான். புதுக்கோட்டைச் சீமையில் விராச்சிலை. அங்கே பள்ளிக்கூடத்தில் ஜீவா வைத்ததுதான் சட்டம். வாத்தியார் சொக்கலிங்கத்தின் மகன் வேறு. அந்த வகுப்புக்குப் புதிதாக வருகிறான் அன்புக்கரசு. கலெக்டர் ஆகப்போகிறேன் என்று இப்போதே பேருக்குப் பின்னால் ஐ.ஏ.எஸ். சேர்த்துக்கொண்டவன். அவ்வளவுதான், யுத்தம் ஆரம்பம்.

ஜீவாவைத் தனியாக நினைத்துப்பார்க்க முயற்சி செய்யுங்கள். முடியாது. கூடவே பக்கடாவும் குட்டிமணியும் வந்துவிடுவார்கள். ஜீவா முறைத்தால் இவர்கள் பின்பாட்டு. ஜீவா சும்மா இருந்தாலும் ஏற்றிவிடுவதற்குப் பக்கடா இருக்கிறான். இதை நகைச்சுவைக்காக வைத்த ஜோடி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்குப் பார்த்தால் படத்தின் இன்ஜினே அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற உளவியல் ஆய்வாளர் இதற்கு முறையாகப் பட்டியலே போட்டிருக்கிறார். 1996-ல் அவரும் சகாக்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விசாரித்ததில், வகுப்பில் ஒருவனைத் தொடர்ந்து சீண்டுவது என்பது இரண்டு பேர் விவகாரமே இல்லை என்று தெரிந்தது. அடிக்கிறவன், அடிபடுகிறவன் தவிர நான்கு வேஷங்கள் இருக்கின்றன. கூடச் சேர்ந்து கையைப் பிடித்துக்கொள்கிற உதவியாளன். சிரித்து, கை தட்டி உசுப்பேற்றுகிறவன். நமக்கென்ன என்று ஒதுங்குகிறவன். நடுவில் புகுந்து தடுக்கிறவன். பெரும்பாலான பிள்ளைகள் இந்த ஆறில் ஏதோ ஒன்றில் இருக்கிறார்கள். விராச்சிலை வகுப்பறையை அந்த அம்மாளுக்குப் போட்டுக் காட்டினால் ஒவ்வொரு பெஞ்சாக ஆளை அடையாளம் சொல்லிவிடுவார்.

பாண்டிராஜ் இந்த ஆராய்ச்சியைப் படித்துவிட்டுப் படம் எடுக்கவில்லை. பிள்ளைகளை உற்றுப் பார்த்து எடுத்திருக்கிறார். அதனால்தான் ஆராய்ச்சியோடு பொருந்துகிறது.

இரண்டாவது, வீடு. அன்புவின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஓயாத சண்டை. பையன் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வளர்கிறான். 'வீட்டில் டென்ஷன், அதனால் பிள்ளை முரடாகிவிட்டது' என்று நாம் சொல்கிற ரெடிமேட் விளக்கத்தின்படி இவன்தான் ஸ்கூலில் ரௌடியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ரௌடியாக இருப்பது வாத்தியார் மகன்! இந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். வீட்டு டென்ஷன் நேர்கோட்டில் ஸ்கூலுக்குப் போவதில்லை.

பிறகு எப்படிப் போகிறது?

அமெரிக்காவில் கென்னத் டாட்ஜ் 1980-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பையன்களிடம் ஒரு புதிரைக் கொடுத்து அடுக்கச் சொன்னார்கள். பாதியில், பக்கத்து அறையில் இருக்கும் யாரோ ஒரு பையன் அதைக் கலைத்துவிட்டான் என்று நம்பவைத்தார்கள். வேண்டுமென்றே கலைத்தான் என்று தெரிந்தபோது எல்லாருக்கும் கோபம் வந்தது. உதவி செய்யப்போய்த் தெரியாமல் கலைத்துவிட்டான் என்றபோது எல்லாரும் அடங்கினார்கள். வித்தியாசம் எங்கே வந்தது என்றால், வேண்டுமென்றா, தெரியாமலா என்று புரியாத இடத்தில். சாதாரணப் பையன்கள் 'தெரியாம பண்ணியிருப்பான்' என்று விட்டுவிட்டார்கள். முரட்டுப் பையன்கள் என்று வகுப்பில் பெயர் வாங்கியவர்கள் 'வேணும்னேதான் பண்ணான்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதே டாட்ஜ், 1990-ல் சகாக்களோடு 'சயின்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் அடுத்த கண்ணி கிடைக்கிறது. வீட்டில் அடிபட்டுக் காயப்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கு, அடுத்தவர் செய்கையில் பகையைப் பார்க்கிற இந்தப் பழக்கம் சீக்கிரம் படிந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் வழியாகத்தான் அவர்களில் பலர் பள்ளியில் கை நீட்டுகிறார்கள். அடிபட்ட பிள்ளைகள் எல்லாருமே அடிப்பதில்லை. ஆனால் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவது என்ன என்று தெரிகிறது. முஷ்டியை இல்லை. ஒரு கண்ணாடியை. அதை மாட்டிக்கொண்டால் வராந்தாவில் இடித்துவிட்டு ஓடுகிறவன் எல்லாம் எதிரி.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு எலிகளைக் கேட்டிருக்கிறார்கள். மென்னோ குருக் குழுவினர் 2004-ல் சொன்னது: மூளையில் தாக்குதலைக் கிளப்புகிற இடத்தைத் தூண்டினால் ரத்தத்தில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறுகிறது. ஸ்ட்ரெஸ் ஹார்மோனை ஏற்றினால் அந்த இடம் இன்னும் சுலபமாகத் தூண்டப்படுகிறது. ஒன்று மற்றதைத் தள்ளிவிடுகிறது. எலிக்கு உண்மையானது அப்படியே குழந்தைக்கும் உண்மை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'கோபத்தில் இருக்கும்போது அவனுக்கு எதுவும் காதில் விழாது' என்று பாட்டிகள் சொன்னதற்கு இது ரொம்ப தூரத்தில் இல்லை.

'பசங்க' இதையும் தன் பாஷையில் சொல்கிறது. பிள்ளைகளின் சண்டை இரண்டு வீட்டுச் சண்டையாகிறது. பெரியவர்கள் வாசலில் நின்று கத்த, அந்தச் சூடு மறுநாள் பையோடு சேர்ந்து ஸ்கூலுக்குப் போகிறது. எது முதலில் ஆரம்பித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் பாண்டிராஜ் பின்னியிருக்கிறார். சொக்கலிங்கம் வாத்தியார் அடுத்த வீட்டுப் பெரியவர்களிடம் நிதானமாகப் பேசுகிறாரே, அது போதனை மாதிரி இருந்தாலும் மனசில் நிற்பதற்கு ஜெயப்பிரகாஷின் குரல் மட்டும் காரணமில்லை. அதுவரை எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்துவதை முதல்முறையாகக் கேட்கிறோம்.

பாராட்டு போதும். மறுபடி பார்த்ததில் இரண்டு இடத்தில் எனக்கு உறுத்தியது.

ஒன்று, முடிவு. அன்புவுக்கு விபத்து. ஆஸ்பத்திரி. உயிருக்குப் போராட்டம். ஜீவா மனம் மாறி, எல்லாரும் கை தட்ட, அன்பு கண் திறக்கிறான். தியேட்டரில் நானும் கை தட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். படம் முழுக்க ஒரு வகுப்பு எப்படி மெல்ல மெல்ல எதிரிகளை உருவாக்குகிறது என்று பொறுமையாகக் காட்டிவிட்டு, அதைச் சரி பண்ணுகிற வேலையை ஒரு வாகனத்திடம் ஒப்படைக்கலாமா? ஜீவா மாறுகிறான், சரி. பக்கடா எப்போது மாறினான்? ஏற்றிவிட்டவனுக்கு ஒரு தனிக் காட்சி கொடுத்திருக்கலாம். விபத்து நடந்தால்தான் நட்பு என்றால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இதே 2009-ல்தான் பின்லாந்துப் பள்ளிகளில் நாடு முழுக்க 'கிவா' என்ற திட்டம் தொடங்கியது. துர்கு பல்கலைக்கழகத்தில் சல்மிவல்லி குழு உருவாக்கியது. அடிக்கிறவனைத் திருத்துவதோடு அது நிற்கவில்லை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் பாடம் வைத்தது. அங்கே பக்கடாவுக்குத்தான் ஸ்பெஷல் கிளாஸ்!

இரண்டாவது உறுத்தல் இன்னும் பெரியது. அந்த வகுப்பறையில் சாதி இல்லை. கிராமம் உண்டு, வீடு உண்டு, பிள்ளைகள் அணி சேர்வது உண்டு. ஆனால் யார் யாரோடு ஏன் சேர்கிறார்கள் என்பதற்குக் குணம் மட்டுமே காரணம். நம் ஊரில் விஷயம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைச் சீண்டுகிறார்கள் என்று புகார் சொன்ன பதினேழு வயது தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும், மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது.

கயிறு என்றால் என்ன? உன் பின்னால் நின்று கை தட்ட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மணிக்கட்டில் எழுதிக்கொள்வதுதான். அந்தக் கை தட்டல் பள்ளியில் தொடங்குவதே இல்லை. வீட்டில், தெருவில், திருவிழாவில் பெரியவர்கள் தட்டியது. 'பசங்க' அந்தப் பக்கம் திரும்பாததால்தான் அவ்வளவு இனிமையாக இருக்க முடிந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதனால் அது மோசமான படம் ஆகிவிடாது. பாதி உண்மையை ரொம்ப அழகாகச் சொன்ன படம். மீதிப் பாதியை வேறு யாராவது எடுக்க வேண்டும்.

படத்தை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். முடிந்ததும் 'நீ ஜீவாவா, அன்புவா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் அன்பு என்றுதான் சொல்வார்கள். 'உங்க கிளாஸ்ல பக்கடா யாரு?' என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, 'நீ எங்க நின்ன?' என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், கனடாவில் விளையாட்டு மைதானத்தில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்து 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. சீண்டல் நடந்த சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். குறுக்கே போனது 19 சதவீதத்தில்தான். ஆனால் அப்படிப் போனபோது, பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்து வினாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. பத்து வினாடி! நாம் ஹெட்மாஸ்டருக்கு மனு எழுதப் பேனா தேடுகிற நேரம்கூட இல்லை.

முதலில் சொன்ன சண்டையில் வட்டத்தில் எட்டுப் பேர் என்று எழுதினேன். திருத்திக்கொள்கிறேன். ஒன்பது. மேலே பால்கனியில் ஒருத்தர் காபி ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும் என்று கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.