ஆராய்ச்சி இதழின் கடப்பாடு

தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் திருவேற்காடும் ஒன்று. ஆளுடைய பிள்ளையார் திருப்பதிகம் பெற்றது. மூர்க்க நாயனார் அவதரித்தருளியது. இத்தலம் பாலியாற்றின் வடகரைக்கண் உள்ளதெனப் பெரியபுராணங் கூறும். இக்காலத்து அவ்வூரை அடுத்தோடுவதோ கூவம். பாலியெனப்படும் பாலாறு காஞ்சிக்குத் தெற்கே சென்று, வயலூர்ப் பக்கத்திற் கடலொடு கலக்கின்றது. புராணம் பயிலும் மாணவன் ஒருவன், 'ஐயா, நாம் காணும் ஆறு ஒன்று, நூல் கூறும் ஆறு மற்றொன்றாயிருத்தல் என்னை?' என்று வினாவுவனேல், ஆசிரியர் யாது விடை பகர்வர்?

சேக்கிழார் வழுவினார் எனல் ஒரு விடை. வினாவுதலே பிழையென அவன் வாயடைத்தல் மற்றொரு விடை. இரண்டும் கல்விக்கு இழுக்காம். சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூர் திருவேற்காட்டிற்குச் சேய்மையதன்று. தம் நாட்டு ஆற்றை அவர் அறியாது கூறினார் என்றல் பொருந்தாது. மற்று, பாலாறு பண்டைநாளில் வடகிழக்காக ஓடிப் பிற்காலத்தே தென்கிழக்கு நோக்கித் திரும்பிற்றெனக் கருதும் நிலநூலாரும் உளர். அக்கருத்தும் புராணக் கூற்றும் எவ்வளவிற் பொருந்தும், எவ்விடத்து வேறுபடும் என்பது ஆராய்தற்குரியது. அதனை ஆராய்வதற்கேற்ற களம் யாது? சொற்பொழிவு மேடையன்று, அங்கே மறுப்பார்க்கு இடமில்லை. தலவரலாற்றுச் சிறுநூலன்று, அது போற்றுதற்கென எழுந்தது. பட்டத்திற்கென எழுதி நூல்நிலையப் பேழையில் அடைபட்ட ஆய்வேடுமன்று. அதனைப் படிப்பார் சிலரே. ஒருவர் கூறியதைப் பலர் கண்டு, ஐயுற்று, மறுத்து, திருத்தி, முடிவு காணும் களம் திங்கள்தோறும் வெளிவரும் ஆராய்ச்சி இதழேயாம்.

மேனாட்டில் 1665ஆம் ஆண்டிற் பாரிசிலும் இலண்டனிலும் அறிஞர் இதழ்கள் தோன்றியதும் இவ்வேதுவானே. அதுகாறும் அறிஞர் ஒருவர்க்கொருவர் எழுதிய கடிதங்களில் அடங்கிக் கிடந்த ஆராய்ச்சி, அவற்றால் யாவர்க்கும் பொதுவாயிற்று. நந்தமிழ்நாட்டில் 1897ஆம் ஆண்டு நல்லசாமிப் பிள்ளையவர்கள் சித்தாந்த தீபிகையைத் தொடங்கினார்கள். நீதிமன்ற முனிசீப்பாக அலுவல் பார்த்துக்கொண்டே சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் 1895இல் மொழிபெயர்த்த அப்பெரியார், ஒரு நூல் வெளியிடுதலோடு கடமை முடிந்ததென்று கருதினாரல்லர். மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் செந்தமிழ் 1902இலும், செந்தமிழ்ச் செல்வி 1923இலும், சைவ சித்தாந்த மகா சமாசத்தின் சித்தாந்தம் 1928இலும் எழுந்தன. ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்த நூல்கள் பல இத்தகைய இதழ்களிற் சிறுகச் சிறுக வெளிப்போந்தே அறிஞர் கண்ணுக்குப் புலனாயின.

இதழால் விளையும் பயனுக்கு ஒரு சான்று காட்டுவாம். திருஞானசம்பந்தர் காலம் 13ஆம் நூற்றாண்டென்று கால்டுவெல் ஐயர் எழுதினார். கூன்பாண்டியனை மார்க்கோபோலோ கூறிய சுந்தர பாண்டியனாகக் கொண்டமையான் நேர்ந்த வழு அது. அதனைக் கண்டு சினந்தார் பலர், வசைமொழிந்தாரும் உளர். சினத்தால் வழு நீங்கிற்றில்லை. திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள், தொகைநூல்களின் முறைவைப்பும் கல்வெட்டும் கொண்டு, பிள்ளையார் 7ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டாரல்லர் என ஆங்கிலத்தில் எழுதி அறிஞர் அவையின்முன் வைத்தார். அதன்பின், பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாற்றில் வரும் வாதாவி வெற்றியும், முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சளுக்கரை வென்று வாதாவி கொண்ட செய்தியும் ஒன்றே எனக் கல்வெட்டறிஞர் வெங்கையா எடுத்துக்காட்டினார். சிறுத்தொண்டர் பிள்ளையாரைத் தம்மூரில் எதிர்கொண்டு போற்றியவர். ஆகலின் இருவரும் ஒரு காலத்தவர். இவ்வாறு ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முற்றுவித்தமையால் 600 ஆண்டு வழு ஒழிந்தது. அடியார் வரலாற்றைக் கட்டுக்கதையென இகழ்ந்தார்க்கு அவ்வரலாற்றினுள்ளேயே காலத்தை நிறுவுஞ் சான்றிருந்தமையும் விளங்கிற்று.

எல்லா வினாவும் இங்ஙனம் எளிதின் முடிவனவல்ல. சிவஞானபோதம் இரௌரவாகமத்துப் பன்னிரு சூத்திரங்களின் மொழிபெயர்ப்போ, மெய்கண்டார் அருளிய முதனூலோ என்னும் வாதம் நெடுங்காலமாக நிகழ்வது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1961 முதல் வெளியிட்ட இரௌரவாகமப் பதிப்பில் அச்சூத்திரங்கள் காணப்பெறாமை ஒரு சாரார்க்கு அரண். ஆகமப் பகுதிகள் பல இறந்துபட்டன என்பது மற்றவர்க்கு அரண். இத்தகைய இடத்தில் இதழின் கடமை, ஒரு சாராரை வெல்விப்பதன்று. இருவர் சான்றும் குறைவற அச்சேறச் செய்து, படிப்பார் தாமே தேர்தற்கு இடந்தருதலாம்.

இம்முறை நமக்குப் புதியதன்று. சிவஞானபோதம் ஒவ்வொரு சூத்திரப் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வகுத்தே நிறுவுகின்றது. சிவஞானசித்தியாரோ பரபக்கத்தை முன்வைத்துப் பிறர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே விரித்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றது. எதிரியின் கூற்றைக் குறைத்துக் காட்டி வெல்லுதல் வெற்றியன்று என்பதே அருணந்தி சிவனார் நெறி. மேற்கோள் மட்டுங் கூறி ஏதுவை மறைக்கும் கட்டுரை நம் முன்னோர் அளவையில் தேறாது.

இனி இக்கால நிலைமையை நோக்குவாம். பல்கலைக்கழக மானியக்குழு, முனைவர் பட்டத்திற்கு முன்னர் ஓர் இதழ்க்கட்டுரையேனும் வெளியாதல் வேண்டுமென 2016இல் விதித்தது. விதி நல்லெண்ணத்தால் எழுந்தது. ஆயினும் பொருள் கொடுத்தார் கட்டுரையை ஆராயாமலே அச்சிடும் இதழ்கள் மலிந்தன. 2018ஆம் ஆண்டு மே திங்களில் அக்குழுவே தன் பட்டியலினின்றும் 4,305 இதழ்களை நீக்கிற்று. 2022இல் அவ்விதியும், 2025இற் பின்வந்த இதழ்ப்பட்டியலும் கைவிடப்பட்டன. பட்டியலால் நன்மையை விளைவித்தல் அரிது என்பது இதனாற் பெறப்படும். படிப்பார் கூர்மையும், இதழாசிரியர் நேர்மையுமே இதழைக் காப்பன.

பிறரைக் கூறும் நாம் நம்மையும் நோக்குதல் வேண்டும். சமய இதழ்களில் வெளிவருவன பல முன்னர்க் கூறியனவற்றையே கூறுவன. இன்ன பதிப்பு, இன்ன பக்கம் எனக் காட்டாது 'என்ப', 'என்பர்' என்று முடிப்பன பல. மறுப்புக் கட்டுரை வந்தால் அதனைப் பகைமையாகக் கருதி அடக்கிவிடும் வழக்கமும் உண்டு. யாம் ஒரு முறை ஒரு பாடவேறுபாடு குறித்து இதழொன்றிற்கு விடுத்த சிறுகுறிப்பு, 'நண்பர் மனம் வருந்தும்' என்னுங் காரணத்தால் திரும்பி வந்தது. நண்பர் மனம் வருந்தாதிருக்க, பிழைபட்ட பாடம் இன்னும் மாணவர் கையில் இருக்கின்றது!

'பத்திக்கு ஆராய்ச்சி எற்றுக்கு?' என வினாவுவாரும் உளர். இவ்வாராய்ச்சி பதிஞானத்தைத் தாராது என்பது உண்மை. நூலாலுங் கருவிகளாலும் வருவது பாசஞானமே. ஆயினும் வரலாற்றுப் பொருளில் வழு நீக்குதற்கு அக்கருவிகளே உரியன. தன் எல்லையறிந்து நிற்கும் ஆராய்ச்சி பத்திக்கு இடையூறாகாது. எல்லை கடந்து, நூற்காலம் அறிந்தமையால் நூற்பயன் பெற்றோமெனச் செருக்குவதே இடையூறு.

ஆகலின் நாம் வேண்டுவன மூன்று. கட்டுரை எழுதுவார் ஏதுவையும் மூலத்தையும் மறையாது காட்டுக. இதழாசிரியர், அத்துறை வல்லார் ஒருவர் பார்வையிட்ட பின்னரே அச்சேற்றி, மறுப்பிற்கும் அதே இதழில் இடந் தருக. பள்ளி ஆசிரியர் தம்மூர் பற்றிய ஐயங்களைக் குறித்து விடுக்க; கல்வெட்டும் நிலமும் அருகிருந்து காண்பவர் அவரன்றோ!

திருவேற்காட்டு மாணவன் வினாவிற்கு இன்று முற்ற முடிந்த விடையில்லையாயின், 'நூல் இவ்வாறு கூறுகின்றது. ஆறு இவ்வாறு ஓடுகின்றது. இரண்டையும் பொருத்த இன்னார் இவ்வாறு முயன்றனர். எஞ்சியதை நீ ஆராய்க' என்று ஆசிரியர் கூறலாம். அங்ஙனங் கூறுதற்கு வேண்டிய சான்றுகளை அவர் கையில் தருவதே ஆராய்ச்சி இதழின் கடப்பாடு. சைவ நன்மக்கள் இதனைச் சிந்திப்பாராக.