இடது கையின் நிதானம்

அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் பியானோக்காரருமான சாம்பியன் ஜாக் டூப்ரீயின் 'ப்ளூஸ் ஃப்ரம் த கட்டர்' இசைத்தட்டில் பத்துப் பாடல்கள். ஒன்றில் காசநோய், இரண்டில் போதைப் பழக்கம், ஒன்றில் பால்வினை நோய், ஒன்றில் மரணப் படுக்கை, முடிவில் வரும் இரண்டிலும் கொலை. பட்டியலை மட்டும் பார்ப்பவர் ஒப்பாரியை எதிர்பார்ப்பார். ஆனால் முதலில் காதில் விழுவது 'ஸ்ட்ரோலின்', அவசரமே இல்லாத ஒரு நடை. பியானோவின் கீழ்ச் சுரங்களில் இடது கை அடியெடுத்து வைக்கிறது. குரல் அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு வருகிறது. இந்தத் தட்டின் அழகு முழுவதும் அந்த இடது கையில் இருக்கிறது என்பேன். என்ன துயரம் வந்தாலும் அது நடையை மாற்றுவதில்லை.

அந்தக் கை நியூ ஆர்லியன்ஸில் பழகியது. குழந்தையாக இருந்தபோதே தீ விபத்தில் பெற்றோரை இழந்த டூப்ரீ, கறுப்பினச் சிறுவர்களுக்கான ஓர் இல்லத்தில் வளர்ந்தார். அவருக்கு முன் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அங்கே இருந்திருக்கிறார். 'டிரைவ் எம் டவுன்' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட வில்லி ஹாலிடமிருந்து டூப்ரீ கற்றுக்கொண்டது பாரல்ஹவுஸ் பியானோ. மரம் வெட்டும் முகாம்களிலும் மலிவான மதுக்கடைகளிலும் வளர்ந்த வாசிப்பு அது. ஒலிபெருக்கி இல்லாத காலம். குடிப்பவர்களின் கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டும், ஆடுபவர்களின் காலுக்குத் தாளமும் தர வேண்டும். இதெல்லாம் ஒரே ஆளின் வேலை. அதனால் இடது கை மத்தளமாகவும் ஆக வேண்டியிருந்தது. 'சாம்பியன்' என்ற அடைமொழி பியானோவால் வந்ததல்ல. அவர் குத்துச்சண்டை வீரராகவும் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைச் சமையற்காரராகப் போய் ஜப்பானியரிடம் சிறைப்பட்டும் இருந்தார்.

1958 பிப்ரவரியில், நியூயார்க்கில், அட்லாண்டிக் நிறுவனத்துக்காக ஜெர்ரி வெக்ஸ்லரின் மேற்பார்வையில் இது பதிவானது. தெற்கத்திய மதுக்கடைப் பியானோவைச் சுற்றி நகரத்து வாத்தியக்காரர்களை உட்கார வைத்தார்கள். டபுள் பேஸில் டியூக் எலிங்டன் குழுவில் வாசித்திருந்த வெண்டல் மார்ஷல், டிரம்ஸில் வில்லி ஜோன்ஸ், கிட்டாரில் லாரி டேல், ஆல்டோ சாக்ஸபோனில் பீட் பிரவுன். இப்படிப்பட்ட சேர்க்கையில் கரடுமுரடைச் சீவி வழவழப்பாக்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. இங்கே அது நடக்கவில்லை. தனியாக வாசித்துப் பழகிய டூப்ரீ எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்படாதவர். தோன்றினால் ஓர் அடியை நீட்டுவார், குறைப்பார். மார்ஷலும் ஜோன்ஸும் இருப்பதால் பாட்டுக்கு ஒரு தரை கிடைக்கிறது. அந்தத் தரைமேல் அவர் பழையபடியே தன் போக்கில் நடக்கிறார்.

மெதுவான பாடல்களில் வலது கையைக் கவனிக்க வேண்டும். ப்ளூஸின் உயிர் நிற்கும் இடங்களில் முக்கியமானது, நம் சங்கீதத்தில் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்கிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. குரல் அங்கே போய் நிற்கும், கிட்டார் தந்தியை இழுத்தால் கிட்டும். பியானோவிலோ இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எதுவும் இல்லை. அதனால் ப்ளூஸ் பியானோக்காரர்கள் கறுப்புக் கட்டையிலிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு விரலை வழுக்க விடுவார்கள், அல்லது இரண்டையும் சேர்த்தே நசுக்குவார்கள். டூப்ரீயின் நசுக்கலில் நளினம் கிடையாது. உராய்வது நன்றாகவே கேட்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஓடிஸ் ஸ்பான் போன்ற ஒரு ப்ளூஸ் பியானோக்காரரின் விரல்நுட்பத்தைத் தேடி வருபவருக்கு இங்கே ஏமாற்றம்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லத் தேவையான அளவுக்கு மேல் டூப்ரீ ஒரு சுரமும் வாசிப்பதில்லை.

பியானோ போகமுடியாத அந்த இடுக்குக்கு மற்ற இருவரும் போகிறார்கள். 'டி.பி. ப்ளூஸ்', 'கான்ட் கிக் த ஹேபிட்' இரண்டிலும் லாரி டேலின் கிட்டார் குரல் விட்ட இடைவெளியில் நுழைகிறது. மெல்லிய, கூர்மையான, கொஞ்சம் கடிக்கிற ஓசை. பீட் பிரவுன் முப்பதுகளின் ஸ்விங் காலத்துக்காரர். துள்ளலுக்குப் பெயர்பெற்ற அவருடைய ஆல்டோ இங்கே தழுதழுக்கிறது, திடீரென்று கத்துகிறது. இரண்டு வாத்தியங்களும் நோயாளியின் வலியை ஏற்றுக்கொண்டுவிடுவதால் நோயாளி அமைதியாகப் பேசமுடிகிறது. டூப்ரீயின் குரல் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே நிற்பது. காசநோய் வந்தவன் அழவில்லை. தன் நிலைமையைத் தெரிந்தவர்களிடம் எடுத்துச் சொல்கிறான்.

இரண்டாம் பக்கம் தொடங்கும் 'ஜங்கர்ஸ் ப்ளூஸ்' இந்தத் தட்டின் மகுடம். பன்னிரண்டு பார், அதாவது தாளக் கட்டம், கொண்ட வழக்கமான ப்ளூஸ் அல்ல. எட்டே பாரில் சுற்றி முடிகிற மெட்டு. சீக்கிரம் வீடு திரும்பிவிடுவதால் மறுபடி கிளம்பத் தூண்டுகிறது. போதைக்கு அடிமையானவனைப் பற்றிய இந்தப் பாட்டை வில்லி ஹாலிடம் கற்ற டூப்ரீ, நாற்பதுகளின் தொடக்கத்திலேயே ஓகே இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்துவிட்டார். 1949 டிசம்பரில் ஃபேட்ஸ் டாமினோ அதே மெட்டிலிருந்து போதையை நீக்கி, தன் பருமனைப் பெருமையாகப் பாடும் 'த ஃபேட் மேன்' ஆக்கினார். ராக் அண்ட் ரோலின் முதல் தட்டுகளில் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள். 1952-ல் லாய்ட் பிரைஸின் 'லாடி மிஸ் கிளாடி', 1953-ல் புரொஃபசர் லாங்ஹேரின் 'டிப்பிட்டினா' எல்லாம் இதே குடும்பம்தான். பிள்ளைகள் ஊர் உலகமெல்லாம் புகழ்பெற்ற பிறகு, 1958-ல் டூப்ரீ மூலப்பாட்டை அதன் பழைய சொற்களோடு மறுபடி எடுத்துக்கொள்கிறார். போதைப்பொருள்களின் பெயர்கள் ஒளிவுமறைவின்றி வருகின்றன. குரலில் கண்டிப்பும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை.

அடுத்து 'பேட் பிளட்'. அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களிடையே சிபிலிஸ் நோய்க்கு வழங்கிய பெயர் அது. அலபாமாவின் மேகன் மாவட்டத்தில் 1932 முதல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களிடம் 'கெட்ட ரத்தத்துக்கு' வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, வைத்தியம் செய்யாமல் நோயின் போக்கைக் கவனித்துக்கொண்டிருந்தது. 1972-ல்தான் அது வெளியே வந்து நின்றது. டூப்ரீ இந்தப் பாட்டைப் பதிவு செய்த நாளில் அந்த மனிதர்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். பாடியவருக்கோ வாசித்தவர்களுக்கோ அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்துவிட்ட நாம் கேட்கும்போது, மருத்துவரைப் பற்றி எந்த ப்ளூஸ்காரர் பாடினாலும் அந்தக் குரலில் கனம் கூடிவிடுகிறது.

'கோயிங் டவுன் ஸ்லோ' செயின்ட் லூயிஸ் ஜிம்மி ஓடனின் பாட்டு. சாகப்போகிறவன் வாழ்ந்ததற்கு வருந்தவில்லை. அம்மாவுக்குச் செய்தி அனுப்பச் சொல்கிறான், அவ்வளவுதான். பலரும் இதைக் குமுறிக் குமுறிப் பாடியிருக்கிறார்கள். ஹௌலின் உல்ஃபின் 1961 பதிவு நெஞ்சை உலுக்கும். டூப்ரீ உலுக்குவதில்லை. இறங்குமுகத்தை அந்த இடது கை படிப்படியாக, ஒரே சீராக இறங்கிக் காட்டுகிறது. சாவை இவ்வளவு மரியாதையாகப் பாடியவர் மிகச் சிலர்.

'ஈவில் வுமன்' சாதாரணம். 'நாஸ்டி பூகி' மூச்சுவிடக் கிடைத்த இடம். பீட் பிரவுன் பழைய துள்ளலை மீட்டெடுக்கிறார், அதற்காகவே கேட்கலாம். கடைசியில் வரும் 'ஃபிராங்கி அண்ட் ஜானி'யும் 'ஸ்டாக்-ஓ-லீ'யும் செயின்ட் லூயிஸில் நடந்த உண்மைக் கொலைகளிலிருந்து பிறந்த கதைப்பாட்டுகள். இரண்டாவது, 1895 கிறிஸ்துமஸ் இரவில் லீ ஷெல்டன் ஒரு தொப்பித் தகராறில் பில்லி லயன்ஸைச் சுட்டது. அறுபது ஆண்டுகளாக ஆளுக்கு ஆள் கூட்டியும் குறைத்தும் பாடிய கதையை டூப்ரீ பக்கத்துத் தெருவில் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்.

இந்தத் தட்டுக்குப் பின் சில ஆண்டுகளில் அவர் ஐரோப்பா போய்விட்டார். 1990-ல் நியூ ஆர்லியன்ஸ் விழாவுக்குத் திரும்பி வந்து வாசித்தார். 1992-ல் ஜெர்மனியின் ஹனோவரில் காலமானார். ஐரோப்பாவில் அவர் பதிவு செய்த தட்டுகள் ஏராளம், வேடிக்கைப் பேச்சு மிகுந்தவை. புதிதாகக் கேட்க வருபவர் அவற்றில் தொடங்க வேண்டாம். ஓகேவில் வந்த பழைய 'ஜங்கர் ப்ளூஸ்', பிறகு 'த ஃபேட் மேன்', அதன்பின் இந்தத் தட்டின் இரண்டாம் பக்கம் என்ற வரிசையில் கேளுங்கள், ஒவ்வொன்றிலும் இடது கையை மட்டும் தொடர்ந்து.