மூளையைத் தொடாத கை

வண்டியிலிருந்து விழுந்தவருக்கு எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். விழுந்ததால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மூளையுறையை ஒட்டி ஒரு கட்டி வெள்ளையாகத் தெரியும். யாரும் தேடாமல் கிடைத்த இந்தக் கட்டி பெரும்பாலும் மெனிஞ்சியோமா. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பொதுமக்கள் 2,000 பேரின் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 0.9 சதவீதம் பேருக்கு இது இருந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

இந்தக் கட்டியை எடுக்கும் அறுவையின் நயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வலியோடு வந்தவரின் வலியைப் போக்கினால் கையெடுத்துக் கும்பிடுவார். இவரோ நன்றாக நடந்து வந்து, சிரித்துப் பேசி உட்கார்ந்திருக்கிறார். இவருக்குப் புதிதாகத் தர மருத்துவரிடம் எதுவும் இல்லை. இருப்பது குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே முதல் திறமை கத்தியை எடுக்காமல் இருப்பதில் தெரியும். கட்டியில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால் அது மெதுவாக வளரும் சாது. சுற்றியுள்ள மூளை நீர்கோத்து வீங்கியிருந்தால் கவனம் தேவை. ஆறு மாதம் கழித்து ஒரு படம், பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று காத்திருந்தே பலரின் காலம் நல்லபடியாகக் கழிந்துவிடுகிறது. கட்டி வளர்கிறது, பார்வை நரம்பை நெருங்குகிறது, நோயாளிக்கு இன்னும் நீண்ட ஆயுள் இருக்கிறது என்னும்போதுதான் அறுவைப் பேச்சு வருகிறது.

மண்டை ஓட்டைத் திறப்பது பெரிய வேலைதான். ஆனால் ரசிக்க வேண்டிய இடம் அதற்கும் உள்ளே, நுண்ணோக்கியின் ஒளிவட்டத்தில் இருக்கிறது. மெனிஞ்சியோமா பொதுவாக மூளைக்குள் வேர் விடுவதில்லை, வெளியிலிருந்து அமுக்குகிறது. கட்டிக்கும் மூளைக்கும் நடுவே அரக்னாய்டு என்ற சவ்வு, கண்ணாடி போல் மினுங்கிக்கொண்டு, பெரும்பாலும் கிழியாமல் இருக்கும். அந்தச் சவ்வைக் கட்டியின் பக்கம் சேர்க்காமல் மூளையின் பக்கமே விட்டுவிட வேண்டும். மொத்த அறுவையும் இந்த ஒரு கோட்டில் நிற்கிறது.

அதற்காக மூளையை ஒதுக்கிவிட்டுக் கட்டியை எடுப்பதில்லை. மூளை இருந்த இடத்திலேயே இருக்க, கட்டியைத்தான் சுருக்குகிறார்கள். உறையோடு ஒட்டிய அடிப்பகுதியை முதலில் தீய்த்து, ரத்தம் வரும் வழியை அடைப்பார்கள். அடுத்து அல்ட்ராசவுண்ட் அதிர்வால் திசுவை உடைத்து உறிஞ்சும் கருவியால் உட்பகுதியைக் காலிசெய்வார்கள். காம்பில் துளையிட்டுச் சாற்றை உறிஞ்சிய மாம்பழத்தின் தோல்போல, கட்டியின் ஓரம் தானே உள்பக்கம் மடிந்து வரும். மடிந்த இடைவெளியில் விரல்நுனி அளவு ஈரப் பஞ்சுப் பட்டை ஒன்றை நுழைப்பார்கள். அது சவ்வைக் காக்கும், கசிவை உறிஞ்சும், பிரித்த வழி மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பட்டைக்கும் வால்போல ஒரு நூல் வெளியே தொங்கும். மூடுவதற்கு முன் செவிலியர் அத்தனையையும் எண்ணிச் சரிபார்ப்பார். ஒன்று குறைந்தாலும் தேடிய பிறகுதான் தையல்.

ரத்தத்தை அடக்குவதில்தான் இந்தக் கலையின் வரலாறே இருக்கிறது. 1922-ல் இந்தக் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர் வைத்த ஹார்வி குஷிங், ரத்தப்போக்குக்கு அஞ்சிப் பாதியில் விட்ட ஒரு தலைக்கட்டியை 1926 அக்டோபர் 1 அன்று வில்லியம் போவி செய்த மின்கருவியின் துணையோடு எடுத்து முடித்தார். 1940-ல் ஜேம்ஸ் கிரீன்வுட் கொண்டுவந்த இருமுனை இடுக்கியில் மின்சாரம் இரண்டு நுனிகளுக்கு நடுவே மட்டும் பாயும். பக்கத்து நரம்புக்குச் சூடு பரவுவது வெகுவாகக் குறைந்தது. நுனியில் திசு ஒட்டாதிருக்க உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் இன்று அதோடு சேர்ந்த பழக்கம்.

கடைசியில் ஒரு தர்மசங்கடம். எவ்வளவு எடுத்தால் கட்டி திரும்பாது என்பதை 1957-ல் டொனால்ட் சிம்ப்சன் தரம் பிரித்தார். ஒட்டியிருந்த உறையையும் சேர்த்து முழுதும் அகற்றியவர்களில் 9 சதவீதம் பேருக்கும், உறையை வெட்டாமல் தீய்த்து மட்டும் விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும் கட்டி திரும்பியது. கணக்கு முழுதும் எடு என்கிறது. ஆனால் பேச்சுக்கும் கைகாலுக்கும் உரிய பகுதியிலிருந்து ரத்தத்தை வடிக்கும் ஒரு சிரை கட்டியோடு ஒட்டியிருந்தால், தேர்ந்த கை அங்கே ஒரு சிறு துண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு வரும். வளர்ந்தால் கதிர்வீச்சில் பார்த்துக்கொள்ளலாம். அறுந்த சிரைக்கு ஈடு கிடையாது.

மறுநாள் கையைத் தூக்கச் சொல்வார்கள், பெயர் கேட்பார்கள், ஒன்றிலிருந்து எண்ணச் சொல்வார்கள். 'நேற்று இருந்த மாதிரியேதான் இருக்கிறார்' என்று வீட்டார் சொன்னால், அந்த அறுவைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை.