ஜெயித்தால் மகள், தோற்றால் சாதி

விளையாட்டைப் பற்றி இங்கே எழுத என்ன இருக்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நிறைய இருக்கிறது. கதை, கவிதை, சினிமா எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுப் பார்க்கிறோம். ஆனால் பேப்பரை எடுத்ததும் நேராக விளையாட்டுப் பக்கத்துக்குப் போகிறவர்கள் அங்கே என்ன படிக்கிறார்கள், அந்த எழுத்து எதைச் சொல்கிறது, எதை முழுங்குகிறது என்று நாம் பார்ப்பதில்லை. நான் ஹாக்கிப் பைத்தியம். கிரிக்கெட் ஓடுகிற டீக்கடையில் உட்கார்ந்து ஹாக்கி ஸ்கோர் கேட்டுத் திட்டு வாங்குகிற ரகம். என் அணி இந்தியப் பெண்கள் அணி. என் ஆட்டக்காரர் வந்தனா கட்டாரியா. இவர்களைப் பற்றி எழுதப்பட்டதையும் காட்டப்பட்டதையும்தான் இங்கே விமர்சிக்க வருகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பேசுவோம். அவரைப் பற்றி எழுதினவங்க பலரும் தாண்டிப் போனது அதைத்தான்.

டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தது. அதற்கு முந்தைய 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் அணி பன்னிரண்டு அணிகளில் கடைசி. டோக்கியோவிலும் முதல் மூன்று ஆட்டம் தோல்வி: நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அயர்லாந்தை 1-0 என்று ஜெயித்தார்கள். ஜூலை 31 அன்று தென் ஆப்பிரிக்கா. மூன்று முறை இந்தியா முந்தியது, மூன்று முறையும் அவர்கள் சமன் செய்தார்கள். 49ஆவது நிமிடத்தில் நான்காவது கோல். 4-3. அந்த நான்கில் மூன்று வந்தனா அடித்தவை. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான்.

அந்தக் கோல்களின் தன்மை முக்கியம். பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து வீசுகிறவரை எல்லோருக்கும் தெரியும். கேமரா அவர்மேல்தான் இருக்கும். ஆனால் வீசப்பட்ட பந்து கோலுக்குப் போகிற வழியில், கோல்கீப்பருக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாள். கண் இமைக்கிற நேரத்தில் மட்டையைச் சாய்த்து வைத்துப் பந்தின் திசையைத் திருப்புகிறாள். கோல்கீப்பர் பழைய திசைக்குப் பாய்ந்து முடித்திருப்பார். மட்டை அரை விரற்கடை தப்பினாலும் ஒன்றுமில்லை. பந்து உடம்பில் பட்டால் காயம். வந்தனாவின் கலை இதுதான்: பந்து வருவதற்கு முன்னாலேயே அது வரப்போகிற இடத்தில் போய் நிற்பது. பார்க்க அலங்காரமாக இருக்காது. 'சும்மா தட்டிவிட்டாங்க' என்று சொல்லுவார்கள். சும்மா தட்டிவிட முடியாது. பல வருசம் அந்த வட்டத்துக்குள் அடிபட்டு இடிபட்டுக் கற்றுக்கொண்டது அது.

ஆகஸ்ட் 2 அன்று ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி, ஒலிம்பிக்கில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனார்கள். ஆகஸ்ட் 4 அன்று அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றார்கள்.

அன்றைக்குத்தான் ஹரித்வார் மாவட்டத்தில் ரோஷ்னாபாத் ஊரில், வந்தனாவின் வீட்டுக்கு வெளியே பட்டாசு வெடித்தது. ஆதிக்க சாதி ஆட்கள் சிலர் வெடி வைத்து ஆடினார்கள், சாதி சொல்லித் திட்டினார்கள், அணியில் தலித்துகள் அதிகமாகிப் போனதால்தான் தோற்றது என்றார்கள். இது அவருடைய குடும்பத்தார் போலீசில் கொடுத்த புகார். வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது.

அந்த வசவைக் கொஞ்சம் நின்று வாசித்துப் பாருங்கள். கெட்ட வார்த்தை என்று ஒதுக்கினால் அதற்குள்ளே இருக்கிற வாதம் தப்பித்துவிடும். 'தலித்துகள் அதிகமானால் தரம் போய்விடும்.' இதை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? மருத்துவக் கல்லூரி வாசலில் கேட்டிருக்கிறோம். மண்டல் அறிக்கையை எதிர்த்த ஊர்வலங்களில் கேட்டிருக்கிறோம். அலுவலகத்தில் நம் முதுகுக்குப் பின்னால் தினமும் கேட்கிறோம். அங்கேயாவது இடஒதுக்கீட்டைக் காரணம் காட்டுவார்கள். இந்திய ஹாக்கி அணித் தேர்வில் இடஒதுக்கீடு கிடையாது. கோல் எத்தனை என்று உலகமே பார்க்கிறது. அப்புறமும் அதே பேச்சு. 'தகுதி, திறமை' என்கிற வாதம் தகுதியைப் பற்றியதே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேணும்?

இனி பத்திரிகை எழுத்துக்கு வருவோம். இந்த அணியைப் பற்றி வந்த கட்டுரைகளுக்கு ஒரு அச்சு உண்டு. கேப்டன் ராணி ராம்பாலின் அப்பா வண்டி இழுத்தவர். நேஹா கோயலின் அம்மா சைக்கிள் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஜார்க்கண்டின் நிக்கி பிரதானும் சலீமா டேட்டேயும் சின்னக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். எல்லாம் உண்மை. ஆனால் இந்த எழுத்தில் வறுமை என்பது தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று. யார் நிலம், யார் கூலி, யார் யாரை எங்கே நிறுத்தினார்கள் என்ற கேள்வியே வராது. ஏழைப்பெண் கஷ்டப்பட்டாள், முன்னேறினாள், படிக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். வறுமைக்கு எதிரில் குற்றவாளி யாரும் நிற்க வேண்டியதில்லை. சாதி என்று சொன்னால் எதிரில் ஒரு ஆள் நின்றாக வேண்டும். அதனால்தான் 'வறுமை' என்ற சொல் அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

வந்தனாவின் அப்பா நாஹர் சிங் பெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2021 மே மாதம் இறந்துபோனார். பெங்களூர் பயிற்சி முகாமில் இருந்த மகள், கொரோனாக் கட்டுப்பாடுகளால், சாவுக்குப் போக முடியவில்லை. இதைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆகஸ்ட் 4க்குப் பிறகுதான் 'தலித்' என்ற சொல் தலைப்புகளில் ஏறியது. அதுவும் ஒரு பக்கம் மட்டும். பாதிக்கப்பட்டவர்களுக்குச் சாதி உண்டு. வெடி வைத்தவர்களுக்கு 'மேல்சாதியினர்' என்ற பொதுப்பெயர் போதும். என்ன சாதி, ஊரில் அவர்கள் பிடி என்ன என்று யாரும் நோண்டவில்லை.

சினிமாவையும் விட முடியாது. பெண்கள் ஹாக்கி என்றதுமே எல்லோரும் சொல்கிற படம் 2007இல் வந்த 'சக் தே இந்தியா'. எனக்கும் பிடித்த படம்தான், மறைக்க வேண்டியதில்லை. முஸ்லிம் என்பதாலேயே தேசத்துரோகி என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு கோச், கேலி செய்யப்படுகிற ஜார்க்கண்ட் பெண்கள், சொந்த நாட்டிலேயே விருந்தாளிகளாக நடத்தப்படுகிற வடகிழக்குப் பெண்கள், தமிழும் தெலுங்கும் ஒன்றுதானே என்று நினைக்கிற வடக்கத்தி அலுவலர் — இவ்வளவையும் ஒரு வணிகப் படம் பேசியது. அதில் பெரிதாகக் கைதட்டல் வாங்கிய காட்சி, ஆட்டக்காரர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்கிற இடம். பேரோடு மாநிலத்தைச் சொன்னவர்களை வெளியே நிறுத்துகிறார் கோச். 'இந்தியா' என்று சொல்ல வேண்டும்.

சரி, மாநிலத்தை விட்டாச்சு. பேருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பட்டம்? சர்மா, ரெட்டி, போஸ். அதைக் கோச் கேட்கவே இல்லை. படத்தை எழுதினவருக்கும் அது உறுத்தவில்லை. அந்த அணியில் தலித் என்று அடையாளம் தெரிகிற ஒரு பெண்கூடக் கிடையாது. மதம் உண்டு, மொழி உண்டு, பிரதேசம் உண்டு, ஆண் பெண் பேதம் உண்டு. சாதி மட்டும் இல்லாத இந்தியா. பட்டத்தை வெட்டினதாலேயே சாதி போயிடாது என்பது தமிழ்நாட்டுக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனால் வெட்டணும் என்று தோன்றக்கூட இல்லையே, அதைச் சொல்றேன். பதினான்கு வருசம் கழித்து அந்தப் படம் விட்ட காட்சியை ரோஷ்னாபாத் தெருவில் எடுத்து முடித்தார்கள்.

வசவு வெளியே தெரிந்ததும் என்ன செய்தார்கள்? வந்தனா இந்தியாவின் மகள் என்றார்கள். உத்தராகண்ட் அரசு பெண் குழந்தைகளைக் காப்போம் திட்டத்துக்கு அவரைத் தூதராக்கியது. 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாங்க வேண்டியவர் வாங்கினார், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தாக்கப்பட்டது சாதியின் பேரால். ஆறுதல் வந்தது பெண்ணின் பேரால். காயம் ஒரு இடம், மருந்து ஒரு இடம்.

இது புதுசு இல்லை. பல்வங்கர் பாலு, 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த சுழற்பந்து வீச்சாளர். அவர் பந்தை எல்லோரும் தொடலாம், ஆனால் பூனாவில் அவருக்குத் தேநீர் தனிக் குவளையில். இந்துக்கள் அணிக்கு அவர் கேப்டன் ஆக முடியவில்லை. ஆனால் 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நிறுத்த ஆள் தேவைப்பட்டபோது காங்கிரசுக்குப் பாலுவின் பேர் ஞாபகம் வந்தது. பாலு தோற்றார். ஹாக்கியிலேயே இன்னொரு மரபும் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாமில் முதல் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் ஜெய்பால் சிங், முண்டா ஆதிவாசி. பின்னாளில் ஆதிவாசி மகாசபையின் தலைவராகி, அரசியல் நிர்ணய சபையில் தன் மக்களுக்காக எழுந்து பேசியவர். ஹாக்கி மந்திரவாதி தியான்சந்த் என்று சொல்லித்தரும் நாடு, அந்தக் கேப்டனைக் குறிப்பில்கூடச் சேர்ப்பது அபூர்வம்.

ஒரு எதிர்வாதம் வரும். 'அவரே ஹாக்கியைப் பற்றி மட்டும்தானே பேசுறார், நீங்க ஏன் அவர்மேல சாதியைப் போடுறீங்க?' நியாயமான கேள்வி. எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பது அவர் உரிமை. நம் சார்பில் அவர் பேச வேண்டும் என்று கட்டளை போட நாம் யார்? கோல் அடிப்பதே அவர் வேலை. சாதியைப் பேச வேண்டிய வேலை எழுதுகிறவர்களுடையது. அவர் மௌனத்தைச் சாக்காக வைத்து அவர்கள் தங்கள் மௌனத்தை மறைக்கக்கூடாது.

தோற்ற இரண்டாம் நாள், ஆகஸ்ட் 6, வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரில் பிரிட்டன். 0-2 என்று பின்தங்கிய அணிக்கு குர்ஜித் கௌர் இரண்டு கோல் அடித்தார். 29ஆவது நிமிடத்தில் மூன்றாவதை அடித்து அணியை முன்னே கொண்டுபோனவர் வந்தனா. கடைசியில் 3-4 என்று போய்விட்டது. நான்காம் இடம். 1980 மாஸ்கோவிலும் நான்காம் இடம்தான், ஆனால் அப்போது மொத்தமே ஆறு அணிகள்.

2025 ஏப்ரல் 1 அன்று வந்தனா ஓய்வு பெற்றார். 320 சர்வதேச ஆட்டம், 158 கோல். இந்தியப் பெண்களில் இத்தனை ஆட்டம் ஆடியவர் அதுவரை வேறு யாருமில்லை. இனி அவரைப் பற்றிப் புத்தகம் வரலாம், படமும் வரலாம். எழுதப்போகிறவர்களிடம் ஒரு ரசிகனாக இரண்டு கேட்கிறேன். அந்தக் கோல்களை ஒவ்வொன்றாக, எப்படி அடித்தார் என்று எழுதுங்கள். அந்தப் பட்டாசை வெடித்தவர்கள் யார் என்றும் எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விட்டீர்களானால், அடுத்த ஆட்டத்தில் நம் பிள்ளை தோற்கிற அன்றைக்கு வெடிக்க இன்னொரு சரம் தயாராகத்தான் இருக்கும்.