பதினைந்தாவது இலக்கம்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை கைபேசி செய்தது. இன்று ஃபாக்ஸ்கான் ஆலை செய்கிறது. அங்கே உருவாகும் ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. முதல் 8 இலக்கங்கள் மாடலைக் காட்டும், அடுத்த 6 அந்தக் குறிப்பிட்ட போனைக் காட்டும். கடைசி இலக்கத்துக்கு மற்ற 14-ஐயும் காவல் காப்பது ஒன்றே வேலை. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமை கேட்ட முறை இது. ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். விடை ஈரிலக்கமானால் அந்த இரண்டையும் கூட்டிவிட வேண்டும். எல்லாம் சேர்ந்த தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அந்தக் கூட்டலில்தான் நுட்பமே இருக்கிறது. இரட்டித்து ஒன்றாம் இடத்தை மட்டும் எடுத்தால் 0, 5 இரண்டுமே 0 ஆகிவிடும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதினாலும் தெரியாது. கூட்டும்போதோ, 0 முதல் 9 வரையான இலக்கங்கள் 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 என்று வரிசை மாறுகின்றன. எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. 10-இன் கணக்குக்குள் 9-இன் கணக்கை இவ்வளவு சத்தமில்லாமல் நுழைத்த கையை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஓர் இலக்கம் தவறினால் அது அகப்பட்டே தீரும்.

ஆனால் ஓட்டை இருக்கிறதே என்பார்கள். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்த முறை பிடித்துவிடும். 09 என்பது 90 ஆனால் மட்டும் பிடிக்காது. இதை லூனின் கவனக்குறைவு என்பது அநியாயம். மாறிய இலக்கத்திலிருந்து பழையதைக் கழித்து, 10-ஆல் வகுத்த மீதியைப் பாருங்கள்: 0, 1, 2, 3, 4, 6, 7, 8, 9, 0. ஒரே மீதி தரும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால்தான் தவறு தப்பிக்கும். பத்து மீதிகளும் வேறுவேறாக இருந்தால் அவற்றின் கூட்டுத்தொகை 45, அதாவது 5-இல் முடியும். ஆனால் அதே பத்து இலக்கங்களைக் கூட்டி அதே பத்தையும் கழிக்கிறோம் என்பதால் தொகை 0-இல்தான் முடிந்தாக வேண்டும். ஆகவே இலக்கங்களை வரிசை மாற்றி, கூட்டி, 10-ஆல் வகுக்கும் எந்த முறையிலும் குறைந்தது ஒரு ஜோடி தப்பியே தீரும். லூன் விட்டது அந்த ஒன்றைத்தான். இதற்குமேல் திருத்த 10 என்ற எண் இடம் தராது.

இந்தத் தடையைத் தாண்ட, வழக்கமான கூட்டலையே கைவிட வேண்டும். 1969-இல் கணிதவியலாளர் வெர்ஹோஃப் ஐங்கோணத்தின் சமச்சீரிலிருந்து அப்படி ஒரு முறையைக் கட்டினார்; ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அதன்படி வருவது. அதில் அந்த ஓட்டை இல்லை. ஆனால் அட்டவணை இல்லாமல் அதைப் போட முடியாது. லூனின் கணக்குக்குப் பென்சில் போதும். போலி எண்ணை இது தடுக்காதே என்ற ஆட்சேபம் உண்மைதான், ஆனால் இது பூட்டாகச் செய்யப்பட்டதல்ல. கைபேசி நெட்வொர்க்குக்குத் தன் எண்ணைச் சொல்லும்போது இந்த இலக்கத்தை அனுப்புவதே இல்லை. தொலைந்த போனை முடக்கச் சொல்லி எண்ணை எழுதித் தருகிறவரின் கை தவறுமே, அதற்காகத்தான் இது இருக்கிறது.